ரெகுலேட்டர் எந்தப் பக்கம் இருந்தது?

ஆர்.எஸ்.புரம், கோவை
3 பிப்ரவரி 2025

கயல்,

உன் அலுவலக மின்னஞ்சல் வந்தது. மதிப்பீடு முடியும்வரை நிதி வாங்குகிறவனும் மதிப்பீடு செய்கிறவளும் போனில் பேசக் கூடாது, எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று இங்கிலீஷில் நீட்டி முழக்கியிருக்கிறாய். சரி, எழுத்தில்தானே? மின்னஞ்சலிலேயே தமிழில் எழுதுகிறேன். கோபன்ஹேகனில் இருக்கும் உன் பெரியவர்கள் மொழிபெயர்க்க ஆள் தேடி அலையட்டும். நாலு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவள், இன்றைக்கு என்னை 'மதிப்பிற்குரிய திட்டத் தலைவர்' என்கிறாய். நடக்கட்டும் அம்மணி.

நீ கேட்ட சம்பவத்துக்கு வருகிறேன். போன வாரம் கணபதியில் என் பாலுசாமி மாமாவின் பட்டறையில், மாசாணம் என்ற ஆபரேட்டருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பம்ப்செட் மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ் அது. அதில் நான் செய்த கைக்காவல் பெட்டி மாட்டியிருந்தது. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்கவே கூடாது. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் உங்கள் ஹெல்பெர்க் நிதியம் மூன்று வருஷமாக எனக்குப் படியளக்கிறது. ஆனாலும் இறங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாசாணத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டை என்கிற வெட்டும் அச்சின்மேல் கிடந்ததை உனக்கு எழுத மாட்டேன். சூப்பர்வைசர் அழகிரிசாமி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். ஆயிலும் ரத்தமும் சேர்ந்து என் செருப்புக்கடியில் ஓடியது.

காரணம் எளிது. மாசாணம் பைபாஸ் பண்ணிவிட்டான். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குக் கைக்காவல் என்றாலே எரிச்சல். சும்மா சும்மா நிறுத்துகிறது என்று சென்சாரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். அந்த ஒயரை மாமா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

அன்று மதியமே மாசாணத்தின் மச்சான் சாமுவேல் ஆள்களோடு வந்து சுத்தியலால் என் பெட்டியை நொறுக்கிவிட்டான் என்று மாமா சொன்னார். மாமாவின் ஆள்கள் சும்மா விடுவார்களா? இரும்புப் பட்டையால் அடித்து மண்டையைப் பிளந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நான் பட்டறை வாசல் கேட்டுக்கு ஓடினேன். விலக்கப் போன என்னை மாசாணத்தின் மனைவி பாவாத்தாள் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வாயிலேயே அடித்தாள். "எம் புருசன் கையக் குடுங்க சார்! அந்தக் கைய எடுத்துக் குடுங்க!" சார் என்று மரியாதையோடுதான் அடித்தாள். முன்பல் ஒன்று இன்னும் ஆடுகிறது.

மார்ச் பதினாலாம் தேதி உங்கள் குழு இங்கே வருகிறது. வங்கதேசம், வியட்நாம், எத்தியோப்பியா என்று ஆயிரக்கணக்கான பட்டறைகளுக்கு இதைக் கொண்டுபோவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். ஒருவன் ஒயர் போட்டான் என்பதற்காக அதைக் கெடுத்துவிடாதே. எத்தனை கைகள் தப்பும் என்று நினைத்துப் பார்.

கிருபா


கோபன்ஹேகன்
8 பிப்ரவரி 2025

திரு. கிருபாசங்கர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதத் தடை இல்லை. இந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆகவே மொழிபெயர்க்க அலைய வேண்டியவளும் நான்தான். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியது நீங்கள். அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒயரைப் பற்றி உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். பிரஸ்ஸில் அது மாட்டியிருந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? நீங்கள் போவதற்குள் தரையைக் கழுவியாகிவிட்டது, மாசாணத்தை எடுத்துப்போயாகிவிட்டது, ஒயர் மட்டும் உங்கள் மாமாவின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பார்க்கும் முன் கழுவச் சொன்னது யார்?

என் அம்மா பொற்கொடி இன்னும் கணபதியில் அதே வீட்டில்தான் இருக்கிறாள், உங்கள் மாமாவின் பட்டறைக்கு அடுத்த சந்து. உங்களோடுதான் போனில் பேசக் கூடாது, அம்மாவோடு பேசலாம். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். "பொட்டிய ஒடைக்கற சத்தம் காத்தாலயே கேட்டுச்சு கண்ணு. அந்தச் சாமுவேலு வந்ததே மத்தியானம். வெறுங்கையோட வந்தான். உள்ள உட்டாத்தான ஒடைக்க முடியும்? கேட்டுலயே வெச்சு அடிச்சாங்க. உளுந்தவன எந்திரிக்க உட்டு மறுக்கா அடிச்சாங்க. காது வழியா ரத்தம் வந்துச்சு. தண்ணி குடுக்கப் போனேன், என்னையும் புடிச்சுத் தள்ளிப்போட்டானுங்க."

அம்மாவுக்கு இடது முழங்கை வீங்கியிருக்கிறது. இதை உங்களுக்கு எழுதுவது என் வேலையில் சேராது. இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்றிருக்கிறீர்கள்.

இன்னொன்று. மூன்று வருஷ அறிக்கைகளிலும் 'கைக்காவல் பொருத்திய பட்டறைகளில் விபத்து ஏதுமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்காரர்கள் கொடுத்த தகவல் அது. விரல் துண்டானவனைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பைக் செயினில் மாட்டிக்கொண்டது என்று எழுத வைப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். ஹெல்பெர்க் நிதியத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கணபதியில் மட்டும் ஏன் இத்தனை பைக் செயின் விரல் தின்கிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

இப்படிக்கு,
கயல்விழி
திட்ட மதிப்பீட்டாளர்


ஆர்.எஸ்.புரம்
12 பிப்ரவரி 2025

கயல்,

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கை வீக்கம் வடிந்திருக்கிறது. கதவைத் திறந்தார், என்னைப் பார்த்ததும் திரும்பச் சாத்திவிட்டார். "நல்லா இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. நம் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். அழகிரிசாமியைத் தனியாகப் பிடித்து, பெட்டியை உடைத்தது யார் என்று கேட்டேன். சாமுவேல் என்றார். மறுபடி கேட்டேன், அதையே சொன்னார். ஓங்கி ஓர் அறை விட்டேன். என் அப்பா வயசு மனுஷர், கண்ணாடி தெறித்து லேத் மிசினுக்கு அடியில் போய் விழுந்தது. அதைத் துழாவி எடுத்துக்கொண்டே சொன்னார்: "அய்யாதானுங்க ஒடைக்கச் சொன்னாரு. நான் கூலிக்காரனுங்க. நீங்களும் அடிங்க, அவரும் அடிக்கட்டும்."

மாமாவிடம் கேட்டேன். என் அம்மாவின் கூடப் பிறந்தவர், கெட்ட வார்த்தை பேசாதவர், யாரையும் ங்க போடாமல் கூப்பிட மாட்டார். அடிக்கும்போதும் ங்க உண்டு. என் சட்டைக் காலரைப் பிடித்து, தலையை அந்த பிரஸ்ஸின் மேடைமேல் அழுத்தினார். கன்னத்தில் இரும்பு சில்லென்று இருந்தது. "மாப்ளே, உங்க பொட்டிய மொதல்ல மாட்டுனது யாருங்க? ஊரே சிரிச்சப்ப நாந்தானுங்க மாட்டுனேன். இப்ப கேசுன்னு வந்தா உங்களுக்கும் சேத்துத்தானுங்க. பாத்துப் பேசுங்க." சொல்லிவிட்டுக் காலரை நீவிவிட்டார். அப்புறம் காபி வரவழைத்தார். நான் குடித்தேன்.

ஆக, பெட்டியை உடைத்தது மாமா. ஒயரை நான் மாட்டியபடி பார்க்கவில்லை. எழுத்தில் கேட்டாய், எழுத்தில் தந்துவிட்டேன். ஆனால் அதனால் கைக்காவல் தப்பு என்று ஆகிவிடாது. புதுப் பெட்டி ஒன்றை அதே பிரஸ்ஸில் மாட்டி, நிதியம் வகுத்த முறைப்படியே மூங்கில் குச்சியை உள்ளே நீட்டிச் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் நின்றது. ஒரு குச்சிகூட ஒடியவில்லை. இதையும் உன் அறிக்கையில் எழுது.

கிருபா


கோபன்ஹேகன்
16 பிப்ரவரி 2025

கிருபா,

மரியாதை போதும். காபி குடித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் என் பொறுமை போய்விட்டது.

ஒரே கேள்வி. கை போன நாளில் அந்தப் பெட்டியின் ரெகுலேட்டர் எந்தப் பக்கம் இருந்தது?

முதல் வருஷம் பெட்டியில் ரெகுலேட்டரே கிடையாது. தகட்டுத் துணுக்கு தெறித்தாலும், துடைக்கிற துணி பட்டாலும் பிரஸ் நின்றுவிடும். உற்பத்தி கெடுகிறது என்று பட்டறைக்காரர்கள் பெட்டியையே கழற்றி மூலையில் போட்டார்கள். இரண்டாம் வருஷம் நீ ரெகுலேட்டர் வைத்தாய். வலது பக்கம் திருகத் திருக, சட்டென்று குறுக்கே போய்வருவதை அது கண்டுகொள்ளாது. நிதானமாக நுழைவதைப் பார்த்துத்தான் நிற்கும். தெறிக்கிற துணுக்குக்கு நிற்காது, கைக்கு நிற்கும் என்று சொன்னாய். கைகள் எல்லாம் நிதானமாகப் போகும் என்று உனக்கு யார் சொன்னது?

நீ குச்சியை எப்படி நீட்டுவாய் என்று எனக்குத் தெரியும். ஊசிக்குள் நூல் கோப்பவன் மாதிரி நீட்டுவாய். அதற்கு நிற்கத்தான் செய்யும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவன் கையை அப்படி நீட்டினால் சாயங்காலம் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. போன தடவை நான் வந்தபோது உன் மாமா மாசாணத்தின் முதுகில் தட்டிக் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? "இவன் கை போறதும் தெரியாது, வாரதும் தெரியாதுங்க அம்மணி." அவர் பெருமையாகச் சொன்னார், நீயும் நானும் சிரித்தோம். உன் பெட்டிக்கும் அது தெரியவில்லை, கிருபா. அவ்வளவுதான் நடந்தது. அதனால்தான் போலீஸ் வரும் முன் உன் மாமா பெட்டியை உடைத்திருக்கிறார். ரெகுலேட்டர் எங்கே இருந்தது என்று யாரும் பார்த்துவிடக் கூடாது.

வேகமாக வேலை செய்கிறவன் கையைத் தேடித் தேடி வெட்டுகிற மிசினைச் செய்து, அதற்குக் கைக்காவல் என்று பெயர் வைத்திருக்கிறாய். இதை எத்தியோப்பியாவுக்கும் அனுப்பலாமா? உன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. நல்லவேளை, நடுவில் கடல் இருக்கிறது.

பதில் சொல். எந்தப் பக்கம்?

கயல்


ஆர்.எஸ்.புரம்
18 பிப்ரவரி 2025

கயல்,

உன் இரண்டாம் வருஷ இடைக்கால மதிப்பீடு என் மேசைமேல் இருக்கிறது. படித்துக்காட்டுகிறேன், கேள். 'பயன்படுத்துவோரின் சிரமத்தை உணர்ந்து இறங்கிவந்த அறிவியல். இந்த ரெகுலேட்டரே இத்திட்டத்தின் முதன்மையான புதுமை.' முழு மதிப்பெண். கீழே கையெழுத்து, கயல்விழி. அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் உன் நிதியம் எனக்கு மூன்றாம் வருஷ நிதியைத் தந்தது. கோபன்ஹேகன் மேடையில் அதைத் திரையில் காட்டி எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் நீ எழுந்து நின்று தட்டினாய்.

அன்றைக்கு வேகமான கையைப் பற்றி உனக்கு ஏன் தோன்றவில்லை? பிரஸ் சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவள் நீயா, நானா? ஆர்.எஸ்.புரத்தில் ஏசி அறையில் வளர்ந்தவனுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. உனக்கு என்ன நியாயம்?

மாசாணத்தின் கையை நான் வெட்டினேன் என்றால், பிடித்துக் கொடுத்தவள் நீ. தைரியம் இருந்தால் அதையும் உன் அறிக்கையில் எழுது. என்னைக் கிழிக்கிற அதே பக்கத்தில் உன் பெயரையும் போட்டுக் கிழி, பார்க்கலாம். மாட்டாய். மதிப்பீடு செய்கிறவர்களை எவனும் மதிப்பீடு செய்வதில்லை.

இனி எழுதாதே.

கிருபா


ஆர்.எஸ்.புரம்
2 மார்ச் 2025

கயல்,

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. நேற்று நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. படி, பதில் போடாவிட்டாலும் போகிறது.

ஒயர் போட்டதாக மாசாணம் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். மாமாவோ அவன்தான் போட்டான் என்கிறார். எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பட்டறையில் தாமிரம் திருட்டுப் போனாலும், பங்காளிக்குள் வாய்க்கால் தகராறு வந்தாலும், சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயிலில் கற்பூரம் ஏற்றி, வலது கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் பேச்சு முடிந்தது, போலீஸ் கோர்ட் எல்லாம் அதற்கப்புறம்தான். "சத்தியம் பண்ணீட்டான்னா ஆஸ்பத்திரிச் செலவு பூராம் நான் பாக்கறனுங்க" என்று மாமா ஆள் விட்டுச் சொன்னார். மாசாணம் ஒத்துக்கொண்டான்.

வேனில் கூட்டிப்போனோம். கட்டுப் பிரிக்காத கையோடு வந்தான். கூட பாவாத்தாளும், தலையில் தையலோடு சாமுவேலும். அவர்களைக் கோயிலுக்குள் விடவில்லை. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கல்லைப் போட்டு, கற்பூரத்தை அங்கே ஏற்றினார்கள். சத்தியத்துக்குக் கூப்பிடுகிற சாமி வாசல்படி தாண்டி வராதா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

மாசாணம் இடது கையை நீட்டினான். அழகிரிசாமி தடுத்தார். "எடது கைல பண்ணுனா சத்தியம் சேராதுங்க." எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தலையாட்டினார். "ஆமாங்க. சோத்துக் கைலதான் பண்ணோணும். அது மொறைங்க." சிரிப்பைக்கூட மறைக்கவில்லை அவர். இல்லாத கையால் சத்தியம் செய்யச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியம் செய்யாமல் திரும்பினான், ஆகவே பொய்யன் என்று ஆகிவிடும்.

மாசாணம் கைக்கட்டுத் துணியைப் பல்லால் கடித்துப் பிரித்தான். துணி சதையோடு ஒட்டியிருந்தது, இழுத்தான். "நான் ஒயரு போடலீங்க" என்று சொல்லிக்கொண்டே, அந்த மொட்டைக் கையைக் கற்பூரத்தின்மேல் வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை. நெருப்பு அணைந்த பிறகும் எடுக்கவில்லை. பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. சாமுவேல் மாமாமேல் பாய்ந்தான், டிரைவரும் அழகிரிசாமியும் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். தையல் பிரிந்துவிட்டது. நான் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அதைத்தான் நான் அங்கே செய்தேன்.

வேனில் திரும்பும்போது மாமா சொன்னார்: "காச்சல் வேகத்துல பண்ணிப்போட்டானுங்க. அது கணக்குல வராது."

நீ கேட்டாயே, எந்தப் பக்கம் என்று? வலது பக்கம், கடைசி வரைக்கும். மாமாதான் திருகினார், திருகத் தோதாகச் செய்து கொடுத்தவன் நான். விபத்துக்கு முன்பே, இரண்டு மாசத்துக்கு முன்னாலேயே பார்த்தேன். பேசாமல் வந்துவிட்டேன்.

நானே நிதியத்துக்கு எழுதலாம். ஆனால் எழுதினால் மாமா ஜெயிலுக்குப் போவார். அம்மா, தன் தம்பியைப் பிடித்துக் கொடுத்தால் மருந்தைக் குடித்துவிடுவேன் என்கிறாள். வெறும் பேச்சில்லை, பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாவைப் பூஜை அறையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நீ எழுதுவாயா? உன் பெயரையும் சேர்த்து எழுது என்று கோபத்தில் சொன்னேன், அதை விடு. என் பெயரை மட்டும் போட்டு எழுது. பதினாலாம் தேதி குழு வந்துவிடும். எழுதுகிறேன், மாட்டேன், இரண்டில் ஒன்றைச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிருபா


கோபன்ஹேகன்
6 மார்ச் 2025

திரு. கிருபாசங்கர் அவர்களுக்கு,

உங்கள் மார்ச் 2 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

மதிப்பீட்டு முடிவுகளைக் குழுவின் கள வருகை முடியும்வரை நிதி பெறுபவருக்குத் தெரிவிக்க விதிகளில் இடமில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல இயலாது. குழு வரும்போது வழக்கமான செய்முறை விளக்கத்தை மட்டும் நடத்தவும்.

தாயாரைத் தனியே விட வேண்டாம். மாசாணத்தின் காயத்தைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவும்.

இப்படிக்கு,
கயல்விழி
திட்ட மதிப்பீட்டாளர்


கோபன்ஹேகன்
17 மார்ச் 2025

டேய் கிருபா,

முட்டாளே. முட்டாளே. வேறு வார்த்தை வரவில்லை.

குழுவில் அங்கே வந்திருந்தவர்களில் ஒருத்தி திரும்பிவந்ததிலிருந்து பேசவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உன் ரத்தம் பட்ட கோட்டு. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாமல் கடைசியில் என் அம்மாதான் போனில் சொன்னாள். "அந்தப் பையன் கையையும் தின்னுபோடுச்சு கண்ணு." எந்தப் பையன் என்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன்.

நான் எழுதிவிட்டேன், கிருபா. மார்ச் ஐந்தாம் தேதியே எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கு அந்தப் பாழாய்ப்போன பதிலை அனுப்புவதற்கு முந்தின நாள். இந்தத் திட்டத்தை வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது, மாட்டியிருக்கும் பெட்டிகளை எல்லாம் உடனே கழற்ற வேண்டும், மாசாணம் ஒயர் போடவில்லை. ரெகுலேட்டருக்கு முழு மதிப்பெண் போட்டது நான், நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன், என் பெயரை மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லாம் எழுதினேன். உன் பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரைப் போட்டு எழுதினேன். விமானம் ஏறும் முன்பே குழு அதைப் படித்துவிட்டது. முடிவும் எடுத்துவிட்டார்கள். கோவைக்கு வந்தது வெறும் மரியாதைக்கு. நீ குச்சியை நீட்டியபோது அவர்கள் கைதட்டியதும் மரியாதைக்கு. உன் கை தேவையே இல்லை. யாருக்கும் தேவையில்லாத கையை எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

ஒரு வார்த்தை. 'எழுதிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். போட்டேன், கிருபா. அந்தக் கடிதத்தில் முதலில் அதைத்தான் டைப் அடித்தேன். அப்புறம் விதியை நினைத்து அழித்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ விதிகளை மீறுகிற உலகத்தில், நான் போய் நேர்மையாக இருக்க அந்த ஒரு கடிதம்தானா கிடைத்தது?

ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்துவிட்டேன். மூன்று தையல். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். உனக்கு வலித்ததில் காலே அரைக்கால்கூட எனக்கு வலிக்கவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

எந்தக் கை? எவ்வளவு? அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. நீயே சொல். உன்னால் முடியாவிட்டால் யாரையாவது சொல்லவை.

கயல்


கோவை
4 ஏப்ரல் 2025

கயல்,

வலது கை. நாலு விரலும் உள்ளங்கையில் பாதியும். கட்டைவிரல் தப்பிவிட்டது, எதற்கு என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தபடி இதை போனில் வாயால் சொல்லி எழுதுகிறேன், தப்பும் தவறுமாக வந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்தபோது நர்ஸ் ஓடிவந்தார். கத்தினேனாம். ஒரு வார்த்தைதான், நீ சொன்ன மாதிரி. உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை. கோபம் இருக்கிறது. என்மேல் இருக்கிற அளவுக்கு இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குச்சியை நீட்டினேன், நின்றது, கைதட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். மாமா குழுவுக்கு இளநீர் கொடுத்துக்கொண்டே, மொழிபெயர்த்த பெண்ணிடம் சிரித்தபடி சொன்னார்: "மிசினு சாமி மாதிரிங்க. நம்மாளு ஒருத்தன் ஒயரப் போட்டுக் கையக் குடுத்துபோட்டான். அந்தச் சனங்களுக்குச் சொன்னா ஏறாதுங்க." அந்தப் பெண் அதை அழகாக இங்கிலீஷில் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது. மாமா வாயிலேயே ஒன்று விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் விரல்கள் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரெகுலேட்டரை வலது பக்கம் கடைசிவரை திருகினேன். தகட்டை எடுத்து மாசாணம் வைக்கிற வேகத்தில் வைக்க ஆரம்பித்தேன்.

நிற்கும் என்று நினைத்துக் கையை வைத்தேனா, நிற்காது என்று தெரிந்தே வைத்தேனா என்று போலீஸ் கேட்டது, டாக்டர் கேட்டார், அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். பிரஸ் இறங்குவதற்கு முன்பே மாமா கத்தினார். "மாப்ளே, எந்திரிங்க! கைய எடுங்க! அது நிக்காது!" எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். அந்தப் பெண் அதையும் மொழிபெயர்த்தாள்.

மாமா இப்போது ஜெயிலுக்குள் இருக்கிறார். அம்மா மருந்து குடிக்கவில்லை. தினமும் வந்து எனக்குச் சோறு ஊட்டுகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெட்டிகளைக் கழற்ற அழகிரிசாமிதான் பட்டறை பட்டறையாகப் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு ஆன மாதிரி யாருக்கும் ஆகிவிடக் கூடாது என்று பட்டறைக்காரர்களே கூப்பிட்டுக் கழற்றச் சொல்கிறார்கள்.

நேற்று மாசாணம் வந்தான். பாவாத்தாள் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. அவன் என் கைக்கட்டைப் பார்த்தான். வலிக்குதுங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ராத்திரியில்தான் அதிகம் வலிக்கும், இல்லாத விரல்கூட வலிக்கும், பயந்துகொள்ள வேண்டாம் என்றான். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவன் கேட்டுக்கொள்கிற மாதிரி இல்லை. சொல்ல வந்ததைச் சொன்னான்.

"எங் கை போனப்ப, ஒயரப் போட்டுட்டான்னாங்க. ஆரு வந்து பாத்தாங்க? உங்க கை போன அன்னிக்கே ஆப்பீசருங்க வந்துட்டாங்க. மிசினுதான் தப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இப்பத்தானுங்க நான் பொய் சொல்லலீன்னு ஆயிருக்குது. அதுக்கு உங்க கை வேண்டியிருந்துச்சுங்களே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கிருபா